நின்றபடி ஓடிய மெஷின்

வாக்குமூலம் கொடுப்பவர்: காவலில் இருக்கும் மரக்கடைசல்காரரின் மனைவி. வயது நாற்பத்தாறு. தொழில், ஜன்னல் திரை தைப்பது. இருப்பிடம், தெருவின் கடைசி வீடு. பதிவு செய்த இடம், அந்த வீட்டை ஒட்டிய கார் ஷெட்.

நான் மேற்படி வீட்டில் என் வீட்டுக்காரரோடும் அவருடைய தம்பியோடும் வசித்து வருகிறேன். வீட்டுக்காரர் மரம் கடைபவர். கொழுந்தனார் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுபவர். எங்களிடம் கார் கிடையாது, வாங்குகிற உத்தேசமும் கிடையாது, ஆகையால் கார் ஷெட்டை அண்ணனும் தம்பியும் பட்டறையாக வைத்திருந்தார்கள். கொழுந்தனாரின் வலது கையில் இரண்டு விரல் போனதற்கு என் வீட்டுக்காரர்தான் காரணம் என்று கொழுந்தனாரே புகார் கொடுத்து, அதன் பேரில் என் வீட்டுக்காரர் காவலில் இருக்கிறார். எனக்குத் தெரிந்ததை விளக்கிலிருந்து ஆரம்பித்துச் சொல்கிறேன் என்றேன். எழுத்தர் ஐயா, "விளக்கு எதுக்கும்மா, விஷயத்துக்கு வாங்க" என்றார். விளக்குதான் விஷயம் என்பதால் அதிலிருந்தே சொல்கிறேன்.

முன்பு ஷெட்டின் நடுவில் ஒரே ஒரு பல்ப் தொங்கியது. மேசையில் குனிந்தால் அவரவர் தலை நிழல் அவரவர் வேலை மேலேயே விழும். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் கொழுந்தனார் ஒரு மருந்துக் கடைப் பலகையைக் கருநீலம் என்று நினைத்துக் கறுப்பில் எழுதிக் கொடுத்து, கடைக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதன் பின்பு அவருக்கு விளக்குப் பைத்தியம் பிடித்தது. சுவருக்கும் கூரைக்கும் வெள்ளை அடித்தார். நீளமான கம்பில் ஒரு டியூப்பைக் கட்டி என் கையில் கொடுத்து, "அண்ணி, கொஞ்சம் முன்னாடி வாங்க, அங்கயே, அசையாதீங்க" என்று ஒரு நாள் முழுக்க என்னை விளக்குக் கம்பமாக்கினார். டியூப்புக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் குறி போடுவார், பிறகு மேசை மேல் கையை நீட்டி நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் நிழல் வேலை மேல் விழும், மேசை விளிம்புக்கு மேலே இருந்தால் பின்னால் போய்விடும் என்பது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் என் தையல் மேசை விளக்கைத் தப்பான இடத்தில் வைத்திருந்திருக்கிறேன்.

அதன் பின்பு அண்ணனும் தம்பியும் விளக்குக் கடைக்குப் போய், பேர் தெரியாத எல்இடி டியூப்கள் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு பெட்டியாக வாங்கி வந்தார்கள். ஷெட்டின் நீளவாக்கில் இரண்டு வரிசையும், கடைசல் மெஷினுக்கு மேலே தனியாக ஒரு ஜோடியும் மாட்டினார்கள். முதன்முதலில் எல்லாவற்றையும் போட்டபோது எங்கள் மூன்று பேர் காலடியிலும் நிழல் இல்லை. நான் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. மேசை மேல் கிடந்த ஊசியின் காது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பகலைப் பிடிச்சுக் கொண்டாந்து கட்டிப் போட்டுட்டான்டி உன் கொழுந்தன்" என்றார். தம்பியை அவர் முகத்துக்கு நேரே புகழ்ந்து நான் கேட்டது அன்றுதான். அந்த அழகைப் போனில் படம் எடுக்கப் போனேன். திரையில் கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள் ஓடின. "போனை மாத்துங்க அண்ணி, அதுக்கே கண்ணு கூசுது" என்று கொழுந்தனார் கேலி செய்தார். போன் பழசுதான், ஆகையால் நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

வெளிச்சம் வந்ததும் தூசியும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. அண்ணன் கடைகிற மரத்தூள் பறந்துபோய்த் தம்பியின் ஈரப் பெயிண்டில் உட்கார்ந்தது. சம்பவத்துக்கு முந்தின நாள், எழுதி முடித்த பலகை பாழாய்ப் போன கோபத்தில் கொழுந்தனார் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார். என் வீட்டுக்காரர், "இன்னொரு தடவை என் மெஷின் மேல கைய வெச்சே, கை இருக்காதுடா" என்று கத்தினார். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் அதைக் கேட்டதாகச் சாட்சி சொல்லியிருக்கிறார். கேட்டது நிஜம்தான். எந்த வீட்டில் அண்ணன் தம்பியை இப்படிச் சொல்லவில்லை? நானே தினமும் ரெண்டு பேரையும் கொன்றுபோடுவேன் என்கிறேன். கத்தின மனுஷர் மறுநாள் காலையில் தம்பிக்காகத் தூசி உறிஞ்சுகிற மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றதையும் டாக்டர் பார்த்திருப்பார், அதைச் சொல்லவில்லை.

அன்றைய தினம் மழை. சாரல் அடிக்கும் என்று ஷட்டரை முழுக்க இறக்கியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கடைசல் மெஷினின் பெல்ட்டை அதுவரை போடாத வேறு அளவுச் சக்கரத்துக்கு மாற்றி, பெல்ட் வழுக்குகிறதா என்று பார்க்க மரம் எதுவும் மாட்டாமல் வெறுமனே ஓடவிட்டிருந்தார். உறிஞ்சு மெஷின் வேறு பக்கத்தில் அலறிக்கொண்டிருந்தது. அதன் குழாயைச் சரி செய்ய அவர் குனிந்தார். நான் டீ வேண்டுமா என்று கேட்க, சமையலறையிலிருந்து ஷெட்டுக்குப் போகிற வாசலில், ஷெட்டுக்கான மெயின் போர்டுக்குக் கீழே நின்றேன். கொழுந்தனார் சத்தம் தாங்காமல் காதடைப்பு மாட்டியிருந்தார். புது பிரஷுக்குக் கைப்பிடி கடைந்து தரச் சொல்லி ஒரு குச்சியோடு வந்தார். முந்தின நாள் சண்டைக்கு அதுதான் அவருடைய சமாதானம், அவர்களுக்குள் மன்னிப்புக் கேட்கிற பழக்கமெல்லாம் கிடையாது. குச்சியைச் சொருக, மரத்தைக் கவ்வுகிற நாலு தாடை உள்ள இரும்பு உருளையை, அதைச் சக் என்பார்கள், வலது கையால் பிடித்தார். அதன் பின்பு அவர் போட்ட சத்தம் காதை விட்டுப் போகவில்லை. நான் மெயினை இறக்கினேன். இறக்குகிற அந்த நொடியில் என் வீட்டுக்காரரின் கை மெஷின் சுவிட்சுக்குப் போவதைப் பார்த்தேன். வெளிச்சம் போய்விட்டது. சுவிட்சை விட்டுவிட்டு அவர் தம்பியைத் தாங்கிப் பிடித்தார், தன் சட்டையைக் கிழித்துக் கட்டினார், அழுதார்.

ஆஸ்பத்திரியில் கொழுந்தனார், "மெஷின் நின்னுட்டுதான் இருந்துச்சு, என் ரெண்டு கண்ணால பாத்தேன், நான் கைய வெச்ச பிறகு சுவிட்சைப் போட்டான்" என்று சொல்லியிருக்கிறார். ஐயா, அவர் எழுத்துப் பிழைகூட விடாதவர், பொய் சொல்கிறவர் இல்லை. என் வீட்டுக்காரர், "ஓடிக்கிட்டிருந்த மெஷின்ல கைய விட்டான், நான் அணைக்கத்தான் போனேன்" என்கிறார். அவருக்கும் பொய் வராது, வந்தால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். போடப் போன கையா, அணைக்கப் போன கையா என்று என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. கட்டின புருஷனைச் சந்தேகப்பட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அதைப் போல ஒரு நரகம் கிடையாது. மறுநாள் வந்த காவலர்கள் ஷட்டரைத் தூக்கி, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மறுபடி இறக்கிவிட்டுப் போனார்கள். மெஷினை ஓட்டிப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரரைக் காவலுக்குக் கூட்டிப்போன பின்பு ஷெட்டைக் கழுவலாம் என்று போய் மெயினைத் தூக்கினேன். விளக்குகள் எரிந்தன, உறிஞ்சு மெஷின் அலறியது. அதன் பிளக்கைப் பிடுங்கினேன். அப்படியும் உர்ரென்று ஒரு சத்தம் நிற்கவில்லை. எது என்று தேடினேன். கடைசல் மெஷின் நின்றுகொண்டிருந்தது. சக்கின் நாலு தாடையையும் விட்டால் தொட்டு எண்ணலாம், அத்தனை தெளிவு. ஆனால் சத்தம் அதிலிருந்துதான் வந்தது. காது ஓடுது என்கிறது, கண் நிற்குது என்கிறது. எட்ட நின்று ஒரு திரைத்துணித் துண்டை அதன் மேல் வீசினேன். நின்றுகொண்டிருந்த அந்த இரும்பு துணியைப் பிடுங்கி நார் நாராக்கிச் சுவரில் அடித்தது. அடித்துவிட்டு முன் போலவே நின்றது. ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினேன். வெயில் உள்ளே வந்ததும் தாடைகள் மறைந்து, சக் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் புகை சுழன்றது. இறக்கினேன், நின்றது. தூக்கினேன், ஓடியது. தோள் வலிக்கிறவரை இதையே செய்தேன். பயமாகவும் இருந்தது, பார்க்கப் பார்க்க அழகாகவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது. ரெண்டு பேரும் நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்து தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அதன் பின்பு காவல் நிலையம் போய்ச் சொன்னேன். "ஓடுற மெஷின் நிக்குமா, யாருக்கும்மா காது குத்துறீங்க" என்றார் ஆய்வாளர். வந்து பார்க்காமல் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். இன்று எழுத்தரோடும் ஒரு எலக்ட்ரீஷியனோடும் வந்தார். ஷட்டரை இறக்கி, விளக்குகளையும் உறிஞ்சு மெஷினையும் போட்டு, கடைசல் மெஷினை அவர் கண் முன்னால் ஓடவிட்டேன். ஓடுகிறது என்று வாயாலும் சொன்னேன். ஆய்வாளர் குனிந்து, "எங்கம்மா ஓடுது, நிக்குதே" என்று சொல்லிக்கொண்டே விரலை நீட்டினார். நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். ஷட்டரைத் தூக்கியதும் அவர் அந்தப் புகையைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார், கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். மலிவான டியூப் கண்ணுக்குத் தெரியாமல் விட்டு விட்டு எரியும், அந்த வேகமும் சக் சுற்றுகிற வேகமும் ஒத்துப்போனால் நிற்கிற மாதிரிதான் தெரியும், போனில் ஓடிய பட்டையும் அதுதான் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். எழுத்தர், "கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்றார். தீர விசாரித்திருந்தால் என் வீட்டுக்காரர் இந்நேரம் வெளியே இருந்திருப்பார் என்றேன். ஆய்வாளர் கையை நான் பிடித்ததை எழுத வேண்டாமே என்று எழுத்தர் தயங்கினார். எழுதச் சொன்னது ஆய்வாளர்தான்.

என் கோரிக்கை ஒன்றுதான். கொழுந்தனார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், வாயால் சொன்னால் நம்ப மாட்டார். ஆனால் ஓடுகிறது என்று தெரிந்தே ஆய்வாளர் ஐயாவின் கை அதை நோக்கி நீண்டது, கொழுந்தனாரின் கையும் நீளும். அந்தக் கையில் இன்னும் மூன்று விரல் இருக்கிறது. அப்போது அதை எட்டிப் பிடிக்க அவருடைய அண்ணன் பக்கத்தில் நிற்க வேண்டும், ஆகையால் அதற்கு முன்பு என் வீட்டுக்காரரை அனுப்பி வைக்க வேண்டும்.

மேலே உள்ளதை எழுத்தர் வாசிக்கக் கேட்டேன். கண் சொன்னதைக் கண் சொன்னதாகவும் காது சொன்னதைக் காது சொன்னதாகவும் தனித்தனியே சொல்லியிருக்கிறேன். இரண்டும் உண்மை.

(கையொப்பம்)