ஒற்றைத் தட்டு

கம்பி நன்றாகத்தான் இருக்கிறது, றோலண்ட் தம்பி. மேலே பிடித்திருப்பது வெறும் துரு. சாக்குத் துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இருந்தால் துடைத்து எடுத்துவிடலாம். அந்தக் கரையில் இருக்கிற கப்பியை மட்டும் மாற்ற வேண்டிவரும். உங்கள் நுவரெலியா ஹோட்டல்காரர்கள் இதில் நாற்காலியைத் தொங்கவிட்டு, வெள்ளைக்காரர்களை இந்த மலையிலிருந்து அந்த மலைக்கு அனுப்பி வேடிக்கை காட்டப்போகிறார்கள் என்றால் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. காசு கொடுத்துப் பார்க்கக்கூடிய காட்சிதான். நடுக்கம்பிக்குப் போனால் மேற்கே மலைகள் விலகி நிற்கிற இடத்தில் கடல் தெரியும். வானம் வெளுத்திருந்தால் கொழும்புக் கோட்டையும் துறைமுகமும் கப்பல்களும்கூடத் தெரியும் என்பார்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் கடல் தெரியும் என்பதற்கு எனக்குச் சாட்சி உண்டு.

இதில் யாராவது ஆள் போனதுண்டா என்று கேட்டீர்கள். போனதுண்டு. கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஹட்டன் பஸ் வர இன்னும் நேரமிருக்கிறது. தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

ஆற்றுக்கு அப்பால், பள்ளத்தில் தெரிகிற தகரக் கூரைதான் கொழுந்தை அரைத்துத் தூளாக்குகிற எங்கள் தேயிலை ஸ்டோர். லாரிப் பாதை போடுவதற்கு முன்பு இந்த மேல்மலையில் எடுக்கிற கொழுந்தெல்லாம் கம்பியில்தான் இறங்கியது. நான் மேலே நின்று கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டிவிடுவேன். அது தன் பாட்டில் பள்ளத்தைத் தாண்டி ஓடி, அந்தக் கரையில் பாறைக்கு முன்னால் அடுக்கியிருக்கிற பழைய டயர்களில் போய் மோதி நிற்கும். அங்கே பழனியாண்டி அண்ணன் கழற்றி எடுப்பார். காலை நேரத்தில் பள்ளம் முழுக்க மூடுபனி நிற்கும். மேலே பளிச்சென்று இருந்தாலும் கீழே அவருக்குத் தன் கைக்கு எட்டிய தூரம்தான் தெரியும். அதனால் நாங்கள் கம்பியில் தட்டித்தான் பேசிக்கொள்வோம்.

இதை நீங்கள் எழுதிவைத்துக்கொள்ளலாம், உங்கள் ஆட்களுக்கு உதவும். இரும்புக் கம்பால் ஒரு தட்டுத் தட்டினால் கொழுந்து வருகிறது என்று அர்த்தம். இரண்டு தட்டினால் ஆள் வருகிறது. கீழே இருப்பவர் கம்பியில் உள்ளங்கையை வைத்திருப்பார். கேட்டதை அப்படியே திருப்பித் தட்டுவார். ஆள் என்றால் அவர் முன்கூட்டியே பிரேக் கட்டையில் தொங்கி, கம்பியை அழுத்திப் பிடித்து, வருகிற வேகத்தைக் குறைக்க வேண்டும். கொழுந்து என்றால் ஒதுங்கி நின்றால் போதும். கொழுந்துக்கு வலி கிடையாது. இரட்டைத் தட்டு அபூர்வம். கம்பிக்கு கிரீஸ் பூசுகிற பிட்டர் வரும்போது மட்டும், ஒரு பலகையைத் தொங்கவிட்டு அவரை உட்காரவைத்து இறக்குவோம்.

பவுலின் என் மனைவி. இந்தத் தோட்டத்து இக்னேசியஸின் மூத்த மகள். கேலி இல்லாமல் அவளுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்காது. நான் பெண் பார்க்கப் போனபோது, "இந்த மாப்புள வேணாம்ப்பா, பெரட்டுக் களத்துல பேர் கூப்புடக் காத்து நிக்கிற மாதிரியே மூஞ்சிய வச்சிருக்காரு" என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்பது மறுநாள்தான் எனக்கு விளங்கியது. எனக்கு எந்த வேடிக்கையும் மறுநாள்தான் விளங்கும். "அமிர்தநாதனுக்கு இன்னைக்குச் சொன்னா நாளைக்குச் சிரிப்பாரு" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள்மேல் நான் உயிரையே வைத்திருந்தேன். ஒருநாள்கூடக் கை நீட்டி அடித்ததில்லை. இதை மறந்துவிடாதீர்கள்.

அது மாவுக்கும் அரிசிக்கும் பஞ்சம் வந்த காலம். மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்தோம். இந்தியாவுக்கே திரும்பிப் போவதாக எழுதிக் கொடுத்தவர்களெல்லாம் பெட்டி கட்டினார்கள். என் மாமனாரும் எழுதியிருந்தார், கல்யாணத்துக்கு முன்பே, மகள் பெயரையும் சேர்த்து. என் பெயர் இலங்கைப் பட்டியலில் இருந்தது. பங்குச் சாமியார் எங்களைச் சேர்த்துவைத்திருந்தார், அரசாங்கக் கந்தோர்க்காரர்கள் ஆளுக்கொரு கரையில் எழுதிவைத்திருந்தார்கள். மாமனார் குடும்பத்துக்குக் கப்பல் உறுதியானதும் பவுலின் அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நானும் கப்பல் ஏறப் போறேங்க. வாறதுன்னா வாங்க. இல்லாட்டி ஒங்க கம்பியக் கட்டிக்கிட்டு அழுங்க."

தண்ணீர்ப் பீலிக்கரையில் சொன்னாள். கோயிலுக்குப் போகும் வழியில் சொன்னாள். ஒரு தகரப் பெட்டியை வாங்கிவந்து நல்ல சேலைகளையெல்லாம் மடித்து வைத்தாள். நான் முகம் பார்த்தால் இன்னும் கொஞ்சம் சிரித்தாள். கோபித்துக்கொண்டு போகிறவளை மறித்து நிற்கலாம். சிரித்துக்கொண்டே பெட்டி கட்டுகிறவளிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஹட்டன் ஸ்டேஷனில் அழுகைக் கோச்சி என்று பேர்பெற்ற ரயில் புறப்படுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தலைமன்னாருக்குப் போகிறவர்கள் ஜன்னலில் தொங்கி அழுவார்கள். அவர்களுக்காவது போகிற இடம் ஒன்று இருக்கிறது. பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களைத்தான் நான் கவனிப்பேன். கோச்சி போன பிறகும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். செத்தவர்களுக்கு இங்கே ஒரு குழி இருக்கிறது, ஒரு சிலுவை இருக்கிறது, கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி கொளுத்தலாம். போனவர்களுக்கு என்ன இருக்கிறது? இதை நான் ஆத்திரத்தில் யோசிக்கவில்லை. வேலை செய்துகொண்டே, சாக்குகளை மாட்டிக்கொண்டே, நிதானமாகத்தான் யோசித்தேன்.

அப்போதுதான் அவளாகவே கேட்டாள். "ஒரே ஒரு தடவ என்னையக் கம்பியில விடுங்களேன். நடுவுல போனா கடலு தெரியுமாமே. எந்தத் தண்ணியத் தாண்டணும்னு பாத்துக்கிறேன்." நான் அழைக்கவில்லை. இதையும் மறந்துவிடாதீர்கள்.

முதலில் முடியாது என்றேன். பிறகு சரி என்றேன். மழை பெய்த நாளுக்கு மறுநாள் விடியற்காலையில் போகலாம் என்று சொன்னேன். மழை கழுவிவிட்ட பிறகுதான் கடல் துலக்கமாகத் தெரியும் என்று பிட்டர் சொல்லியிருந்தார். தவிர, மழையில் மேலே தேங்கிப்போன கொழுந்தை மறுநாள் விடிந்ததும் அனுப்புவது எங்கள் வழக்கம். கொழுந்து எடுக்கிற பெண்கள் மலைக்கு வருமுன்பே பழனியாண்டி அண்ணன் கீழே கம்பியடியில் வந்து, கொழுந்தை எதிர்பார்த்து நிற்பார்.

அன்று அவள் கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பலகையில் உட்காரவைத்து இடுப்பைச் சுற்றி நானே கயிறு கட்டினேன். நடுவில் விழுந்துவிடக் கூடாதல்லவா, இழுத்துப் பார்த்து நன்றாகவே கட்டினேன். பள்ளத்தில் பனி நிரம்பியிருந்தது. மேலே ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை.

நான் இரும்புக் கம்பை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன்.

கீழேயிருந்து ஒரு தட்டு திரும்பி வந்தது.

தோட்டத்தில் பிறந்தவளுக்கு அந்தத் தட்டுகள் தெரியாமல் இருக்குமா? தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கண் விரிந்தது. பிறகு கலகலவென்று சிரித்தாள். "என்னாங்க, என்னையக் கொழுந்தாக்கிப்புட்டீங்களா?" என்றாள். என் ஆயுளில் நான் செய்த முதல் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சிரித்துக்கொண்டே பலகையைப் பிடித்திருந்த கொளுவியைத் தட்டிவிட்டேன்.

நடுக்கம்பியில் கம்பி கொஞ்சம் தொய்ந்திருப்பதால் எதுவும் அந்த இடத்தில் சற்று நிதானிக்கும். அங்கே போனதும் அவள் கையை நீட்டி மேற்குப் பக்கம் காட்டினாள். என்னவோ கத்திச் சொன்னாள், காற்று கொண்டுபோய்விட்டது. கடல் தெரிந்திருக்க வேண்டும். நான் சொன்ன சாட்சி அவள்தான்.

இரும்புக் கம்பு என் கையில்தான் இருந்தது. தட்டுகிற சத்தம் பலகையைவிட எவ்வளவோ வேகமாகக் கீழே போய்ச் சேரும். அந்த நேரத்தில்கூட இரண்டு தட்டித் திருத்தியிருக்கலாம். பழனியாண்டி அண்ணன் பாய்ந்து கட்டையைப் பிடித்திருப்பார். அதை நான் யோசித்தேன், யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இன்னொரு கையைக் கம்பியில் வைத்திருந்தேன். அவள் போய்க்கொண்டிருப்பது கைக்குத் தெரிந்தது. அவள் பனிக்குள் இறங்கிய பிறகும் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

விசாரணைக்கு வந்தவர்களிடம் பழனியாண்டி அண்ணன் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "ஒத்தத் தட்டுத்தாங்க கேட்டுச்சு. என் புள்ளைங்க மேல ஆணையாச் சொல்றேன், ஒத்தத் தட்டுத்தான்." நான் இரண்டு தட்டினேன் என்று சொன்னேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவனிடம் மேற்கொண்டு யார் என்ன கேட்பார்கள்? ஸ்டோர் இயந்திரங்களின் இரைச்சலில் அவர் காது மந்தமாகிவிட்டது என்று முடிவு செய்தார்கள். திருப்பித் தட்டியதும் ஒற்றைதானே என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. அவரைக் கம்பியிலிருந்து எடுத்துப் புல்லு வெட்டுகிற வேலையில் போட்டார்கள். நான்தான் தோட்டத்துத் துரையிடம் போய், "வயசான மனுசங்க, வேணும்னா செஞ்சாரு? வேலைய விட்டு நிப்பாட்டிராதீங்க" என்று அவருக்காகக் கேட்டேன். அமிர்தநாதனுக்கு என்ன மனசு என்று தோட்டமே பேசியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போவேன். பக்கத்தில் உட்காருவேன். முதலில் என் முகத்தைப் பார்க்கவே மாட்டார். பிறகு பார்த்தார். சில வருடங்களில் அவராகவே, "நீங்க ரெண்டுதான் தட்டியிருப்பீங்க தம்பி, என் பாழாப்போன காதுதான் ஒன்ன முழுங்கிருச்சு" என்று சொல்லத் தொடங்கினார். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவர் மனம் ஆறியதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

போன வருடம் அவரும் கப்பலுக்குப் புறப்பட்டார். ஹட்டன் ஸ்டேஷனுக்கு நான்தான் மூட்டை தூக்கிக்கொண்டு போனேன். கோச்சி நகரும் நேரத்தில் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னச் சொல்லாமப் போனா எனக்கு அடங்காது தம்பி. அந்தப் புள்ள சாகுறதுக்கு முந்தின வாரம் ஸ்டோர்ப் பக்கம் வந்துச்சு. 'அண்ணே, நான் எங்கண்ணே போகப் போறேன் அந்த மனுசன விட்டுட்டு? பெட்டி என் தங்கச்சிக்கு. சும்மா போக்குக் காட்டுறேன். கப்பலுக்கு மொத நாளு சொல்லிப்புடுவேன், அந்த மூஞ்சி எப்புடி மாறுதுன்னு பாக்கணும்'னு சொல்லிச் சிரிச்சிச்சு. இத ஒங்ககிட்டச் சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு இத்தன நாளும் மறச்சு வச்சிருந்தேன்."

நான் தாங்கிக்கொண்டேன். ஸ்டேஷனிலிருந்து திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். மறுநாள் எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகு மனதில் ஒரு பாரமும் இல்லை. பாருங்கள், அவளுக்கும் இங்கேயே இருக்கத்தான் ஆசை. எனக்கும் அதுதான் ஆசை. புருஷனும் பெண்டாட்டியும் இவ்வளவு ஒற்றுமையாக ஒரே எண்ணத்தில் இருப்பது எத்தனை வீட்டில் நடக்கும்? ஸ்டோருக்கு மேலே, சவுக்கு மரங்களுக்குப் பின்னால்தான் அவள் இருக்கிறாள். நான் நினைத்த நேரமெல்லாம் போய்ப் பார்க்கிறேன்.

நீங்கள் தேத்தண்ணீரைத் தொடவே இல்லையே, தம்பி. பயப்பட ஒன்றுமில்லை. கம்பி உறுதியானது, அதன்மேல் எந்தக் குற்றமும் கிடையாது. நாற்காலியைத் தாராளமாகத் தொங்கவிடுங்கள்.

ஒரேயொரு சங்கதி மட்டும் உங்கள் ஹோட்டல்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மழை பெய்த மறுநாள் விடியற்காலையில், கீழே ஒருவரும் இல்லாதபோது, இந்தக் கம்பி தட்டும். குளிரில் இரும்பு சுருங்குகிற சத்தம் என்று பிட்டர் சொல்கிறார், இருக்கலாம். நான் எழுந்துபோய் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு தட்டுத்தான். ஆசைப்பட்டபடியே இங்கே இருக்கிறவள் எதற்காக இன்னும் இரண்டு தட்டுகிறாள் என்பது, எத்தனையோ மறுநாள் வந்து போயும், எனக்கு விளங்கவே இல்லை.