மூணு கோதண்டம், எட்டுப் புதூர்

இங்க உட்கார்ந்திருக்கிற முக்கால்வாசிப் பேர் மனசுல ஒரு கேள்வி ஓடுது. எனக்குத் தெரியும். "நம்ம பாட்டன் பூட்டன் யாருன்னே நமக்குத் தெரியல... இதுல அடுத்தவன் பாட்டனை நாம எதுக்குய்யா தேடணும்?"

நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லப் போறதில்ல. ஒரு சின்னக் கதை இருக்கு, அதைச் சொல்றேன். கேளுங்க.

அரக்கோணத்துல ஏகாம்பரம்னு ஒருத்தர். ரயில்வேயில பார்சல் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் அம்மா வயித்துல இருக்கும்போதே, அப்பா கோதண்டம் மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனார். 'சௌக்கியமா வந்து சேர்ந்தேன்'னு ஒரு லெட்டர் வந்துச்சு. அதோட சரி.

ஊர் சும்மா இருக்குமா? "கோதண்டம் அங்க ஒருத்தியைச் சேர்த்துக்கிட்டான்"னு சொல்லுச்சு. ஏகாம்பரத்தோட அம்மா தாயாரம்மா, ஆயுசு முழுக்க அதைக் கேட்டாங்க. சாகுற அன்னிக்கும் நெத்தியில குங்குமம்.

மகனுக்கு ஒரே ஒரு கேள்விதான். அப்பா எப்ப செத்தார்? தேதி தெரிஞ்சா ஒரு திதி கொடுக்கலாம். பன்னெண்டு வருஷம் தேடினார். அவர் எழுதாத ஆபீஸ் இல்ல. பதில் போட்ட ஆபீஸும் இல்ல.

கடைசியில, நம்மள மாதிரியே குடும்ப வரலாறு தேடுறவங்க வாட்ஸ்அப் குரூப் ஒண்ணுல சேர்ந்தார். அங்க மலேசியாவிலேருந்து, தைப்பிங் ஊர்க்காரங்க, புஷ்பவல்லி டீச்சர். அவங்களும் ரிட்டயர் ஆனவங்கதான். அவங்க அப்பா கன்னியப்பன் இங்கேருந்து போனவர். "ஊர்ல ஆண்டாளுன்னு ஒரு தங்கச்சி இருக்கு, போய்ப் பார்க்கணும்"னு சொல்லிக்கிட்டே இருந்தார். பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அவர் பேப்பர்ல இருந்த விலாசம் இவ்வளவுதான்... 'புதூர், வந்தவாசி தாலுகா.'

டீச்சர் சொன்னாங்க, "அண்ணே, நான் உங்கப்பாவைத் தேடுறேன். நீங்க எங்கப்பா ஊரைத் தேடுங்க."

ஏகாம்பரம் சந்தோஷமாக் கிளம்பிட்டார். ஏன்னா, அந்தப் பக்கம் எத்தனை புதூர் இருக்குன்னு அவருக்கு அப்ப தெரியாது.

ஆறு புதூர் போனார். ஆறுலயும் கன்னியப்பன் இருந்தார். மூணு கன்னியப்பன் உயிரோடயே இருந்தாங்க! ஆண்டாளுதான் இல்ல.

ஆறாவது புதூர்ல வார்டு மெம்பர் ஒருத்தர் ரொம்ப நல்ல மனுஷர். டீ வாங்கிக் கொடுத்துட்டுச் சொன்னார், "சார், எதுக்கு வெயில்ல அலையறீங்க? நம்ம ஊருன்னே எழுதிக்குங்க. நமக்கென்ன நஷ்டம்? அந்தம்மா வந்தா கோயிலுக்கு ஒரு லைட்டு போட்டுத் தரட்டும்."

நல்ல யோசனை. முட்டி வேற வலிக்குது. ஏகாம்பரம் அந்தக் கோயிலை ஒரு போட்டோ எடுத்தார். கீழ எழுதினார்... 'டீச்சர், இதுதான் உங்க அப்பா ஊர்.'

அனுப்பல. அனுப்பப் போறார். அப்ப போன் அடிச்சுது. யாரு? டீச்சர்தான்.

"அண்ணே... உங்கப்பா கிடைச்சுட்டார்."

இவர் போனைக் காதோட அழுத்திப் பிடிச்சார்.

"தோட்டத்து ஆஸ்பத்திரிப் பழைய நோட்டுல மூணு கோதண்டம் இருந்தாங்க. முதல் ஆளைக் கண்டுபிடிச்சு நாலு மாசம் ஆச்சு. உங்ககிட்ட சொல்லல. மூணு பேரையும் சரிபார்க்காம எப்படிண்ணே சொல்றது? தப்பான தேதியில திதி கொடுத்தா, அது யாருக்குண்ணே போய்ச் சேரும்? மூணாவது ஆள்தான் உங்கப்பா. அரக்கோணம்னு போட்டிருக்கு. மனைவி பேரு தாயாரம்மான்னு போட்டிருக்கு. காய்ச்சல்ல இறந்திருக்கார், தேதியும் இருக்கு. தோட்டத்துக்கு வந்து மூணே மாசம்..."

மூணு மாசம்! எவளையும் சேர்த்துக்கல. யாரையும் மறக்கல. மூணே மாசத்துல செத்துப் போன ஒரு மனுஷனை, ஊர் அம்பது வருஷம் திட்டியிருக்கு!

பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்து, எழுபது வயசைத் தாண்டின மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். பஸ் வந்து நின்னுச்சு. கண்டக்டர் கேட்டார், "பெரியவரே, அழுதுட்டு வர்றீங்களா, ஏறிட்டு அழுறீங்களா?"

ஏறினார். ஏறி உட்கார்ந்து முதல் வேலையா அந்தப் போட்டோவை அழிச்சார். அழிச்சுட்டு எங்க போனார்? வீட்டுக்கா? ஏழாவது புதூருக்குப் போனார்! அங்கயும் ஒரு கன்னியப்பன் இருந்தார். ஆண்டாளு இல்ல.

மறுவாரம் எட்டாவது புதூர். அங்க பஞ்சர் கடை வச்சிருக்கிற தணிகாசலம்னு ஒருத்தர் சொன்னார், "ஆண்டாளு எங்கம்மாதாங்க. இறந்து ஆறு வருஷம் ஆச்சு. கன்னியப்பன் எங்க மாமன். சிலோனுக்குப் போனார்னு யாரோ சொல்லிட்டாங்க. எங்கம்மா இருபது வருஷம் சிலோனுக்கு லெட்டர் போட்டாங்க."

நாடே தப்பு! எப்படிப் பதில் வரும்?

ஏகாம்பரம் அங்கேயே டீச்சருக்கு வீடியோ கால் போட்டார். தணிகாசலம் போனைக் கிட்ட வச்சு டீச்சர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எங்கம்மா மூக்கு அப்படியே இருக்குன்னார். அப்புறம் பொண்டாட்டி பக்கத்துல நிக்கிறது தெரிஞ்சே சொன்னார், "நீங்க எனக்கு மாமன் பொண்ணு. முறைப்படி உங்களைத்தான் நான் கட்டியிருக்கணும். ரொம்ப லேட்டா வந்துட்டீங்க." டீச்சர் சிரிச்சாங்க... சிரிச்சுக்கிட்டே அழுதாங்க. அந்தப் பொண்டாட்டி மட்டும் சிரிக்கல.

அன்னிக்கு சாயங்காலம், அந்தப் போட்டோ விஷயத்தை ஏகாம்பரம் டீச்சர்கிட்ட ஒளிக்காம சொல்லிட்டார். டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா? "பரவாயில்லண்ணே. ரெண்டாவது கோதண்டம் கிடைச்சப்ப, போதும், இவரையே சொல்லிடலாமான்னு எனக்கும் தோணுச்சு."

என் அன்பான ஜனங்களே... தன் முதுகு தனக்குத் தெரியாது. பின்னால நிக்கிறவன் பார்த்துச் சொன்னாத்தான் உண்டு. அப்பாவுக்காகப் பன்னெண்டு வருஷம் தவிச்ச பிள்ளையால அவரைக் கண்டுபிடிக்க முடியல. முன்னப் பின்ன தெரியாத ஒரு டீச்சரால முடிஞ்சுது. எதனால? கெட்டிக்காரத்தனமா? இல்லீங்க. அடுத்தவர் அப்பாதானேன்னு அலட்சியமா விடல... அதனால!

இன்னிக்கு உங்க கையில ஆளுக்கொரு பேப்பர் கொடுத்திருக்கோம். அதுல இருக்கிறது யாரோ ஒருத்தர் பேரு. உங்களுக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. அலுப்பு வரும். 'இதுவே போதும், எழுதிடலாம்'னு கை துறுதுறுக்கும். அப்ப ஒண்ணே ஒண்ணை மட்டும் நினைச்சுக்குங்க...

உங்க அப்பா பேரு எழுதின பேப்பர், இந்நேரம் யாரோ ஒருத்தர் கையில இருக்கு. அவருக்கும் முட்டி வலிக்கும்.