தோமஸ் பெயரில் வாங்கிய அனுமதி

மாலை ஆறேகால் மணி. செம்பனைத் தோட்டத்தின் நடுவே ஒற்றைச் சாலை. அந்தச் சாலை ஒரே ஓர் இடத்துக்குத்தான் போகிறது... ஹெலிகாப்டர் நிறுத்தும் ஒரு தகரக் கொட்டகைக்கு. அதற்கப்பால் வேலி. வேலிக்கப்பால் மறுபடியும் செம்பனை.

விஜயன் இப்படித்தான் ஆரம்பித்தான். அன்று எங்கள் ஊரான தம்போயில், எங்கள் வரிசை வீடுகளில் மின்சாரம் போயிருந்தது. புழுக்கம் தாங்காமல் அவன் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். ஒரு மெழுகுவர்த்தி. கொசுவர்த்திப் புகை.

"ஆறேகாலுக்கு எந்தப் பேய் லா வரும்? அது ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போற நேரம்" என்றாள் அவன் மனைவி தேன்மொழி.

"நீ சிரி. என் கூட்டாளி செல்வாவோட மச்சான் இருக்கான்ல, ரூபேந்திரன்? அவனுக்கு நடந்தது. போன வருஷம்."

நாங்கள் சற்று நெருங்கி உட்கார்ந்தோம்.

ரூபேந்திரனுக்கு அந்தக் கொட்டகையில்தான் வேலை. ஒரு தோட்ட முதலாளியின் சொந்த ஹெலிகாப்டர். அது எப்போது, எந்த வழியாகப் பறக்கும் என்று முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டியது அவன் பொறுப்பு. ஃபிளைட் பிளான் என்பார்கள். ரெங்கம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில், ராணுவம் சுட்டுப் பழகும் காடு ஒன்று குறுக்கே கிடக்கிறது. அதன் மேல் யாரும் பறக்கக் கூடாது. பறக்க வேண்டுமானால் தனி அனுமதி. உள்ளே நுழையும்போது விமானி ரேடியோவில் சொல்ல வேண்டும். வெளியே வந்ததும் சொல்ல வேண்டும். வந்துவிட்டேன் என்று அவர் சொன்ன பிறகுதான் கீழே பீரங்கிகளுக்கு உத்தரவு போகும்.

அன்றைக்கு ஏழு மணிக்குச் சுடுவதாக இருந்தது.

இந்த வேலையில் யாரும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுவதில்லை. முன்பு அனுப்பிய ஒன்றைத் திறப்பார்கள். தேதியை மாற்றுவார்கள், நேரத்தை மாற்றுவார்கள், அனுப்பிவிடுவார்கள். ரூபேந்திரனும் அப்படித்தான் செய்தான். ஆனால் அவன் திறந்தது மிகப் பழையது. ஹெலிகாப்டரின் பெயரை மாற்ற மறந்துபோனான். ரேடியோவில் கூப்பிட ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அவன் அனுப்பியதில் இருந்தது, முதலாளியின் பழைய ஹெலிகாப்டரின் பெயர்.

அது அதே காட்டுக்குள் விழுந்து மூன்று வருடமாகிறது. ஓட்டியவர் தோமஸ்; ரேடியோவில் அந்தப் பெயர் என்றாலே அவர்தான். உள்ளே நுழைகிறேன் என்று சொன்னார்... வெளியே வந்துவிட்டேன் என்று சொல்லவே இல்லை. அவர் ஊரான யோங் பெங்கில் சவப்பெட்டியைத் திறக்காமலேயே பூசை வைத்தார்கள்.

அன்றைக்கு ஓட்டியவர் அட்ரியன். முதலாளியை ரெங்கம் தோட்டத்து பங்களாவில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிது. அவரைக் கூட்டிப்போக வந்த மனைவி கத்தரின், கொட்டகை கேட்டுக்கு வெளியே காருக்குள் உட்கார்ந்திருந்தாள்.

கொட்டகையில் ரேடியோ கரகரத்தது.

"பாஸ், என்ன லா இது? இன்னும் உள்ளயே போகல. நம்ம பேருக்கு அனுமதி இல்லங்கிறான் ஆர்மிக்காரன்."

ரூபேந்திரன் திரையைப் பார்த்தான். அவன் அனுப்பியதில் பழைய ஹெலிகாப்டரின் பெயர்.

"சுத்திக்கிட்டு வர முடியுமாண்ணே?"

"மேற்கே பூரா மழை. சுவர் மாதிரி நிக்குது."

தோட்டத்துக்கே திரும்பிப் போகச் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் என்று முதலாளி கேட்பார். ரூபேந்திரன் மறுபடியும் ரேடியோவை அழுத்தினான்.

"அண்ணே... தப்புப் பண்ணிட்டேன். பழைய ஹெலியோட பேரைப் போட்டு அனுப்பிட்டேன். இன்னிக்கு மட்டும் அந்தப் பேரையே சொல்லி வந்துடுங்க."

வெறும் இரைச்சல்.

"தோமஸோட பேர்லயா?"

"ஆமாண்ணே."

மறுபடியும் இரைச்சல்... நீளமாக.

"அலமாக். செத்தவன் பேர்ல உள்ள போகச் சொல்றே. இரு பாஸ், வந்து உனக்கு இருக்கு."

சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

விஜயனும் நிறுத்தினான். மெழுகு சொட்டும் சத்தம்கூடக் கேட்டது. தேன்மொழி தன் காலைப் பாய்மேல் இழுத்துக்கொண்டாள்.

"அப்புறம்?"

அப்புறம் தொலைபேசி அடித்தது. ராணுவத்து அதிகாரி. மலாயில், என்சிக் என்று மரியாதை வைத்துப் பேசினார்.

"என்சிக் ரூபேன், உங்கள் ஹெலிகாப்டர் வெளியே போய்விட்டது. இப்போதுதான் சொன்னார். நாங்கள் தயாராகிறோம்."

ரூபேந்திரன் கடிகாரத்தைப் பார்த்தான். அந்தக் காட்டை அவ்வளவு சீக்கிரம் தாண்ட முடியாது. ஒரு கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டே ரேடியோவை அழுத்தினான்.

"அண்ணே, வெளிய வந்துட்டீங்களா?"

"எங்க வர்றது? இப்பத்தான் பாதி. கீழ பீரங்கிய மூடியிருந்த துணிய எடுக்கிறாங்க, நல்லாத் தெரியுது."

"வெளிய வந்துட்டதா நீங்க சொல்லலியா?"

"உள்ள நுழையறப்ப சொன்னதோட சரி. அப்புறம் நான் வாயே தொறக்கல."

ரேடியோ மறுபடியும் கரகரத்தது.

"பாஸ்... எனக்கு முன்னாடி ஒரு ஹெலி போச்சு. லைட் இல்லாம. யாருக்கு லா வாங்கினே அனுமதி?"

அதோடு ரேடியோ அடங்கியது. இரைச்சல்கூட இல்லை. சுத்தமான அமைதி.

ரூபேந்திரன் தொலைபேசியில் கத்தினான். சுடாதீங்க, எங்க ஆளு உள்ளதான் இருக்காரு என்றான்.

"அவரே சொன்னாரே, வெளியே வந்துவிட்டதாக."

"சொன்னது எங்க ஆளு இல்ல!"

"பிறகு யார்?"

சுட வேண்டாம் என்று மட்டும் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான்.  கடைசியில் அதிகாரி சொன்னார்: "நிறுத்தி வைக்கிறேன். அவர் இறங்கியதும் நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வார்த்தைதான் எனக்குக் கணக்கு."

ரூபேந்திரன் வெளியே ஓடினான். வானம் பழுத்த மஞ்சளாக இருந்தது. தவளைச் சத்தம். வேறு எதுவும் இல்லை. கேட்டுக்கு அப்பால் கத்தரின் கார் விளக்கைப் போட்டாள். அவளிடம் எதைச் சொல்வது...

பிறகு கேட்டது. தூரத்தில், செம்பனைக்கு மேலே, தடதடவென்று.

அட்ரியனின் ஹெலிகாப்டர்தான். எந்தக் கீறலும் இல்லாமல் வந்து இறங்கியது. விசிறி நின்றது. கதவு திறந்தது. ரூபேந்திரன் ஓடிப்போய் அட்ரியனைக் கட்டிக்கொண்டான். அழுதானாம். அவர் சட்டை நனைந்து சில்லென்று இருந்தது. ஈர மண் வாடை... புதிதாகத் தோண்டிய மண்.

"பயந்துட்டியா தம்பி?" என்றார் அட்ரியன்.

உள்ளே தொலைபேசி அடித்தது. இருவரும் சேர்ந்தே கொட்டகைக்குள் போனார்கள்.

"உங்கள் விமானி இறங்கிவிட்டாரா?" அதே அதிகாரி. இப்போது குரல் தாழ்ந்திருந்தது.

"இறங்கிட்டாரு, துவான். என் பக்கத்துலதான் நிக்கிறாரு."

அதிகாரி தயங்கித் தயங்கிப் பேசினார்.

"இங்கே இன்னும் ஒருவர் ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வெளியே வர வழி தெரியவில்லை என்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே இடத்துக்கு வருகிறாராம். பெயர் கேட்டேன்... அட்ரியன் என்கிறார்."

ரூபேந்திரன் தொலைபேசியைக் காதோடு அழுத்தினான்.

"என் மேலதிகாரி கேட்கிறார், என்சிக். எங்கள் திரையில் உள்ளே எதுவும் தெரியவில்லை. சுடலாமா, வேண்டாமா?"

அட்ரியனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். களைத்த முகத்தோடு புன்னகை செய்தார்.

"நான்தான் வந்துட்டேனே தம்பி. சுடச் சொல்லு."

ரூபேந்திரன் அவரைப் பார்த்தான். அதே முகம். மோதிரவிரலில் அதே மோதிரம். தோளைத் தொட்டுப் பார்த்தான்... ஆள்தான். கண்ணெதிரே நிற்கும் ஆளை விட்டுவிட்டு ரேடியோவில் கேட்கும் குரலை யார் நம்புவார்கள்?

"நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" விஜயன் எங்களைக் கேட்டான்.

தேன்மொழி மெழுகுவர்த்தியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

ரூபேந்திரன் சொன்னான்: "எங்க ஆளு வந்தாச்சு. உள்ள யாரும் இல்ல."

தொலைபேசியை வைத்தான்.  கொஞ்ச நேரம் கழித்து வடக்கே முதல் குண்டு. கொட்டகைத் தகரம் அதிர்ந்து அடங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக.

எல்லாம் ஓய்ந்ததும் கேட்டுக்கு அப்பால் ஹாரன் கேட்டது. கத்தரின் கார்க் கண்ணாடியை இறக்கிக் கையை ஆட்டினாள்.

"அட்ரியன்! இன்னும் எவ்ளோ நேரம்? நான் இங்கயே தூங்கிடவா?"

அட்ரியன் அந்தப் பக்கம் திரும்பினார். கார் விளக்கு முகத்தில் அடித்தும் கண் கூசவில்லை. அவளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரூபேந்திரன் பக்கம் குனிந்து, மெல்லக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு யாரு தம்பி?"