பேர் எழுதாத கட்டம்

அதிகாரி: ...அதைத்தாம்மா சொல்றேன். அடிச்ச போலீஸ்காரர் பேரே இல்லாம புகாரை வாங்கி நான் என்ன பண்ண?

அக்கா: மூணு தடவை வந்துட்டோம் சார். முதல்ல போட்டோ சின்னதா இருக்குன்னீங்க. அப்புறம் டாக்டர் சீட்டுல தேதி தெளிவா இல்லன்னீங்க. போன வாரம் சாப்பாட்டு நேரம்னீங்க. இன்னிக்குத் தொண்ணூறாவது நாள். நாளைக்கு வந்தா கெடு முடிஞ்சு போச்சும்பீங்க!

தம்பி: என்னக்கா சொல்றாரு?

அக்கா: இடம் மாறி உக்காருன்னேன்ல? கேக்கிற காதை அவர் பக்கம் வைடா.

தம்பி: அப்புறம் நீ பேசுறது கேக்காதே.

அக்கா: இத்தனை வருஷமா அதுக்குத்தானே ஆசைப்பட்ட.

அதிகாரி: காதுல முன்னாடியே ஏதாவது கோளாறு...

அக்கா: ஒரு கோளாறும் கிடையாது! எங்க தையல் கடைக்கு மிஷின் ரிப்பேர் பாக்கிறவனே இவன்தான் சார். வாசல்ல நின்னு சத்தத்தைக் கேட்டே எந்த இடத்துல பழுதுன்னு சொல்லுவான். இப்ப மிஷின் மேல கையை வெச்சுத் தடவிப் பாத்துச் சொல்றான்.

அதிகாரி: சரி சரி... நடந்ததைச் சொல்லுப்பா.

தம்பி: வண்டியை நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்தினேன். லைசென்ஸைக் காட்டினேன். 'சாவியை எதுக்கு சார் பிடுங்குறீங்க'ன்னு கேட்டேன். அவ்வளவுதான். ஸ்டேஷனுக்குள்ள கூட்டிட்டுப் போய்... காதோட சேத்து ஒரு அறை. கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. விழுந்துடக் கூடாதேன்னு அவர் சட்டையைப் பிடிச்சேன்.

அதிகாரி: சட்டையில பேர் பட்டை இருந்திருக்குமே?

அக்கா: அதைக் கழட்டி மேஜை மேல வெச்சிட்டுத்தான் கையை ஓங்கினாராம். என்ன ஒரு முன்யோசனை!

தம்பி: பேர் அப்ப தெரியாது சார். அப்புறம் அக்கா கடையில...

அக்கா: நீ சும்மா இருடா!

அதிகாரி: கடையில என்ன?

அக்கா: வேலை கிடக்குது, சீக்கிரம் போகணும்னு சொல்ல வர்றான். அவசரக்குடுக்கை.

அதிகாரி: அப்போ... பேர் தெரியாது. நிச்சயமா?

அக்கா: பேர் கட்டம் காலியாத்தானே கிடக்கு, பாருங்க.

அதிகாரி: ம்... பாவம், இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. வாங்கிக்கிறேன். 'அடையாளம் தெரியாத காவலர்'னு போட்டு ஸ்டேஷனுக்கு அனுப்பி அறிக்கை கேப்போம்.

அக்கா: எந்த ஸ்டேஷனுக்கு?

அதிகாரி: சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்குத்தான்.

அக்கா: அடிச்ச ஸ்டேஷனுக்கா? 'நீங்க அடிச்சீங்களா'ன்னு அவங்களையே கேப்பீங்களா?

அதிகாரி: அதாம்மா நடைமுறை.

அக்கா: 'அப்படி யாரும் இங்க இல்ல'ன்னு எழுதி அனுப்பினா?

அதிகாரி: ஃபைலை மூடிடுவோம்.

அக்கா: வாசல்ல ஆள் உயரத்துக்கு போர்டு வெச்சிருக்கீங்களே சார்... 'போலீஸ் மீதான புகார்களுக்கான சுயேச்சை ஆணையம்'னு! நாங்களே தபால்ல போட்டிருப்போமே, அதுக்கு எதுக்கு நடுவுல நீங்க?

அதிகாரி: குரலை உயர்த்தாதீங்க. வேணுமா, வேணாமா?

அக்கா: ...வேணும் சார். கோவத்துல பேசிட்டேன். போடுங்க.

அதிகாரி: இந்தாங்க, சீல் குத்தியாச்சு.

அக்கா: கையெழுத்து?

அதிகாரி: போட்டாச்சு, போட்டாச்சு.

அக்கா: பதிவேட்டுலயும் ஏத்திட்டீங்களா? அப்புறம் யாரும் எடுத்துட மாட்டாங்களே?

அதிகாரி: நம்பர் ஏறினா ஏறினதுதான். நானே நினைச்சாலும் எடுக்க முடியாது. போதுமா?

அக்கா: போதும். தம்பி, அந்தக் கவரை எடுடா.

தம்பி: இந்தாக்கா.

அதிகாரி: என்ன அது... துணியா?

அக்கா: தொடாதீங்க, பாத்தா போதும். யூனிஃபார்ம் சட்டைப் பை. இவன் பிடிச்ச பிடியில கையோட வந்தது. அடுத்த வாரமே எங்க கடைக்கு ஒரு சட்டை வந்துச்சு சார், பை இல்லாம.

அதிகாரி: சட்டைன்னா... கிழியத்தான் செய்யும். ஊர்ல எத்தனையோ...

அக்கா: கிழியும். ஆனா இந்தக் கிழிசல் அந்தச் சட்டையில மட்டும்தான் இழைக்கு இழை பொருந்துச்சு. பொருத்தி வெச்சு போட்டோவும் எடுத்தாச்சு. காலர் உள்பக்கம் பேர் வேற தைச்சிருந்தது.

அதிகாரி: பேர் தெரியும்னா முதல்லயே சொல்றதுக்கென்ன!

அக்கா: சொல்லியிருந்தா இந்த நம்பர் கிடைச்சிருக்குமா?

அதிகாரி: அந்த நம்பரை... கொஞ்சம்...

தம்பி: என்னக்கா சொல்றாரு? எனக்குக் கேக்கல.

அக்கா: நம்பர் ஏறினா எடுக்க முடியாதுன்னு அவரே சொன்னது இப்பத்தான் அவருக்கு உறைக்குதுடா.

அதிகாரி: அந்தச் சட்டையை... யார் கொண்டு வந்து குடுத்ததுன்னு...

அக்கா: அன்னிக்குக் கடை முன்னால எங்க வீட்டுக்காரர் நின்னாரு. நான் உள்ள மிஷின்ல இருந்தேன், உங்களுக்கு என்னைத் தெரியாது. 'மகனோட சட்டை, பை மாத்தினது தெரியக் கூடாது'ன்னு சொன்ன குரல் மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. யூனிஃபார்ம்னா கையெழுத்து வாங்காம நாங்க திருப்பிக் குடுக்கிறதில்ல. இதோ அந்தச் சீட்டு. இப்ப போட்டீங்களே, அந்தக் கையெழுத்தோட வெச்சுப் பாருங்க... பாத்தாச்சா? பேனாவை எடுங்க சார். அந்தக் கட்டத்தை நீங்களே நிரப்புங்க. அந்தப் பேரை வெச்சதே நீங்கதானே.