அந்தத் தீவுல எறங்குங்க ஆச்சி

இல்ல ஆச்சி, எறங்காம மட்டும் இருந்துராதீக. நீங்களும் ஐயாவும் சாப்புடையில கப்பல் டூரைப் பத்திப் பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கலை, ரசம் ஊத்த வந்தேன். அந்தத் தீவுல என்னருக்கு, கப்பல்லயே படுத்துக்கிறலாம்னு ஐயா சொன்னாக பாருங்க, எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. இந்தச் சீப்புச்சீடையைப் பொட்டலம் கட்டிக்கிட்டே சொல்லிர்றேன், செத்த உக்காருங்க.

சென்ட் லூசியாதான? புதன்கிழமை காலையில போயி நிக்கும், சாயந்தரம் எடுத்துருவான். எனக்கு எப்புடித் தெரியுமா? நல்லாக் கேட்டீக போங்க. எம்மகன் ஜெரால்டு எட்டு வருசமா கப்பல் அடுப்படியிலதான கெடந்தான். வாரம் ஒருக்கா அந்த ஊருக்குப் போன பய. எல்லாம் போன்ல காமிச்சிருக்கான். ரெண்டு மலை, கூம்பு கூம்பா, கடல்லருந்தே எந்திரிச்சு நிக்கிது. நம்ம குன்றக்குடி மலையெல்லாம் அதுக்கிட்ட வர முடியாது. முருகன் கோவிச்சுக்கிறப் போறாரு, சொல்லலைன்னு வச்சுக்கங்க.

ஐயாவுக்கு முழங்கால் வலியா? மலை ஏறச் சொல்லலையே. எறங்குனதும் கடைத்தெரு. அதைத் தாண்டுனா பெரிய கோயில், எங்க வேதக் கோயில்தேன், சர்ச்சு. உள்ள செவுரு பூராம் படமா எழுதியிருக்கும்பான். லூசியம்மா பேரு வச்ச ஊரு ஆச்சி, கண்ணைக் காக்குற புனிதை. ஒங்களுக்குக் கண்ணு ஆப்பரேசன் ஆகி ஆறு மாசம் ஆகலை. கும்புட்டா என்ன கொறைஞ்சு போகும்?

சிரிக்கிறீக. எனக்கென்ன அங்க கமிசனா தரப் போறான்? சரி, மறைக்கலை. கோயிலுக்குப் பின்னாடி ஒரு வீட்டைப் பாத்துட்டு வரணும் ஆச்சி. அவ்வளவுதேன். அட்ரசு இந்தா இந்தத் துண்டுச்சீட்டுல இருக்கு. இங்கிலீசு எழுத்தைப் பாத்துப் பாத்து வரைஞ்சது, கோணமாணையாத்தேன் இருக்கும்.

அங்க ஒரு பொண்ணு இருக்காளாம். கையில புள்ளையாம். ஜெரால்டு கட்டுனவன்னு ஒரு பேச்சு. யாரு சொன்னாகளா? கூட வேலை பாத்தவன் எவனோ போன்ல சொன்னான். விடுங்க, பேரா முக்கியம்.

ஆமா ஆச்சி, இந்தத் தையிலதேன் அவனுக்குக் கல்யாணம். பத்திரிகை வச்சேன்ல ஒங்களுக்கு. உபகாரசாமி வாத்தியாரு மக ஜெரினா. நாங்க இருக்குற இருப்புக்கு அது பெரிய எடம். அந்தப் புள்ளை இப்பவே என்னைய அத்தைன்னுதேன் கூப்புடுது. போன வாரம் எங்காலு வெடிப்பைப் பாத்துட்டுப் போயி ஒரு களிம்பு வாங்கியாந்து வச்சுட்டுப் போச்சு. தடவத்தேன் எனக்குக் கை வரலை.

ஒங்களுக்குக் கல்யாணத்துக்கு நகரக் கோயில்லருந்து மாலை வருதுல்ல, அது வந்தாத்தான தாலி, அது மாதிரி எங்களுக்கு ஓலை வாசிக்கணும். மூணு ஞாயித்துக்கெழமை, பூசையில, எல்லார் முன்னாடியும். இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாச்சும் தெரிஞ்சவுக சாமியார்ட்டச் சொல்லணும், மறைச்சாப் பாவம்னு வாசிப்பாக. மொத ஓலை வாசிச்சாச்சு. நான் முன்வரிசையில முக்காட்டைப் போட்டுக்கிட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். வர்ற ஞாயிறு ரெண்டாவது. அதுக்கடுத்த புதன்லதேன் ஒங்க கப்பல் அங்க நிக்கிது. மூணாவது ஓலைக்கு முந்தி எனக்குத் தெரிஞ்சாகணும் ஆச்சி.

அவன்ட்டக் கேக்காம இருப்பனா? கேட்டேன். பத்திரிகையில பேரெழுதிக்கிட்டிருந்தான், தலையைத் தூக்கலை. எவனாவது பொறாமையில சொல்லுவான், சும்மா கெடங்கம்மான்னான். அவன் பொய் சொன்னாக் காது செவந்துரும் ஆச்சி, சின்னதுலருந்தே. அன்னைக்கு நான் காதைப் பாக்கலை. வேணும்னே அடுப்படிக்குப் போயிட்டேன்.

வாத்தியாரு வீட்டுல சொல்லுறதா? எந்த மூஞ்சியோட? சேலை எடுத்தாச்சு, மண்டபம் பேசியாச்சு. நாளைக்கு அந்தப் புள்ளை தெருவுல நடக்க முடியுமா? சொல்லலைன்னா மட்டும் அது வாழ்ந்துருமாங்கிறீக. அதுவுஞ் சரிதேன். அதுவுஞ் சரிதேன் ஆச்சி. எங்குட்டுத் திரும்புனாலும் முட்டுது.

சாமியார்ட்டவா? பன்னெண்டு வருசமா அவுக வீட்டுக்குக் காலையில நாந்தேன் சமைக்கிறேன். அடுத்தவுக பாவத்தையெல்லாம் கேக்குறவுக, ஒன் பாவத்தைக் கேக்க மாட்டாகளாங்கிறீக. அவுக கேப்பாக ஆச்சி. அவுகளுக்கு வந்த லெட்டரைத்தான நான் வெந்நி அடுப்புல போட்டேன்.

ஆமா. எவனும் போன் பண்ணிச் சொல்லலை. எங்க வேதத்துல எந்த ஊருல கல்யாணம் பண்ணுனாலும், அந்த ஊருச் சாமியாரு ஞானஸ்நானம் வாங்குன ஊருக்கு எழுதிப் போட்டுருவாரு. இங்க புஸ்தகத்துல பேருக்கு நேரா ஏத்திக்கிருவாக. சாமியாரு தியானத்துக்குப் போயிருந்தாக. தபால்காரரு எங்கையில குடுத்தாரு. அந்த ஊரு ஸ்டாம்பு. மனசு கேக்கலை, கஞ்சி ஆவியில காமிச்சுப் பிரிச்சேன். போனை மேல காமிச்சாத் தமிழ்ல சொல்லுதுல்ல, எல்லாஞ் சொல்லிருச்சு. அவன் பேரு, அந்தப் பொண்ணு பேரு, கல்யாணம் நடந்த தேதி, புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்த தேதி. அதுலருந்த அந்தப் பொண்ணு வீட்டு அட்ரசை எழுதிக்கிட்டு அடுப்புல திணிச்சேன். அதுக்கு மூணாம் நாளுதேன் மொத ஓலை.

ஐயா கூப்புடுறாக பாருங்க, கார் வந்துருச்சு போல. கையை விட்டுர்றேன் ஆச்சி, விட்டுர்றேன். எறங்க முடியலைன்னாக் கெடக்கு, ஐயாவை அலைய வைக்காதீக. புதன்கிழமை எனக்கு ஒரு போன் மட்டும் போடுங்க. போயிப் பாத்தேன் சகாயம், அங்க அப்புடி யாருமே இல்லைன்னு சொல்லிருங்க. நீங்க சொன்னா நான் நம்பிக்கிருவேன்.