ஆறு நிமிடம் அசையாமல்

பின்னேரம் நாலேகால். காங்கேசன்துறையில் கடற்கரைக்குப் போகும் ஓர் ஒழுங்கை. இருபக்கமும் கூரையில்லாத வீடுகள். ஒரு நாய்கூட இல்லை...

கிட்ட வந்து இருங்கோ. இது என் சிநேகிதி நிரோஜாவின் மச்சாள் பிரியந்தினிக்கு நடந்தது.

பிரியந்தினியும் தமையன் எமில்ராஜும் சண்டிலிப்பாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்கள். அவற்றில் ஒன்று அவர்களுடைய பழைய வீடு. இருபத்தேழு வருடம் ஆள் போகாமல் கிடந்தது. அடுத்தநாள் காலை இடிக்க ஜேசிபி வரும். அதற்குள் ஒரு படம் வேண்டும் அவளுக்கு.

கமெரா ஒரு பால்மாத் தகரப் பேணி. உள்ளே கறுப்புப் பெயின்ற். பக்கத்தில் ஊசித்துளை, அதன்மேல் கறுப்பு ரேப். துளைக்கு எதிரே வளைத்து வைத்த படத்தாள். கொழும்பிலிருந்து எடுப்பித்த பத்தில் அதுதான் கடைசி. மூன்றை எமில்ராஜ் பழுதாக்கியிருந்தான். அவள் படம் கழுவும்போது பாம்பு, நெருப்பு என்று கத்திக் கதவைத் திறக்க வைப்பான். வெளிச்சம் பட்டால் தாள் கறுத்துப்போகும். அவனுக்கு அது பகிடி.

அவனை வாசற்படியில் இருத்தினாள். ஆறு நிமிடம் அசையக் கூடாது, அசைந்தால் படத்தில் விழமாட்டாய் என்றாள்.

"உந்தப் பேணிக்கு ஆறு நிமிசமோ? போனிலை எடுத்தா ஒரு செக்கனடி."

அவள் துளையின் ரேப்பை உரித்தாள். அவன் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. எழும்பினான், நடந்தான், சிகரெட் பத்தினான். படி வெறுமையாகக் கிடந்தது. ஆறு நிமிடம் முடிய அவள் ரேப்பை ஒட்டினாள்.

சண்டிலிப்பாய் வீட்டில் குளியலறைதான் இருட்டறை. யன்னலில் கறுப்புப் பொலித்தீன், கதவடியில் சாக்கு, சிவப்பு பல்ப். தரையில் படம் கழுவும் மருந்தோடு மூன்று தட்டு. தாய் லூர்த்தம்மா செபமாலைக்குப் போயிருந்தா. முதல் தட்டில் தாளை அமிழ்த்தினாள். சுவர் வந்தது... படி வந்தது...

படியில் ஒருவர் இருந்தார்.

மூச்சு விடுகிற மனிதன் ஆறு நிமிடத்தில் கொஞ்சமாவது கலங்கித் தெரிவான். இது கலங்கவில்லை. எமில்ராஜ் இருந்த பக்கமாகத் தலையைத் திருப்பியிருந்தது.

கதவில் தட்டல்.

"பிரியா, கதவைத் திற. என்னோடை ஆரோ வந்திட்டினம்."

இந்த முறை அவன் விளையாடவில்லை. அவளுக்கு அது தெரியும். ஆனால் தாள் இன்னும் படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவுக்குள் போகவில்லை. திறந்தால் எல்லாம் கறுத்துவிடும். இப்படி ஒரு படம் இனிக் கிடைக்காது.

"பொறு அண்ணை. ரெண்டு நிமிசம்."

இரண்டாவது தட்டு. வினாகிரி மணம். அதோடு பழைய வீட்டின் ஈரச் சுண்ணாம்பு மணம்...

தட்டல் கீழே இறங்கியது. தலை உயரத்தில் கேட்டது இடுப்பு உயரத்தில் கேட்டது. பிறகு நிலத்தோடு, நகத்தால். கதவடிச் சாக்கு மெல்ல அசைந்தது. அவள் அதைக் காலால் அழுத்திப் பிடித்தாள்.

"எடி, இனி நான் உன்ரை தாளைப் பழுதாக்க..."

குரல் பாதியில் நின்றது.

மூன்றாவது தட்டு, ஹைப்போ. நூற்றிருபது வரை எண்ணினாள். திறந்தாள். விறாந்தையில் அவனுடைய ஒற்றைச் செருப்பு.

எமில்ராஜை இன்றைக்கும் தேடுகிறார்கள். படியைப் பெயர்த்தும் பார்த்தார்கள். மண்தான்.

ஹைப்போவில் கிடந்த படம் மாறாது. அவள் இரசாயனம் படித்தவள். அடுத்தநாள் அதைப் போனில் எடுத்து, தாளில் மாறி விழுந்திருந்த கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றிப் பார்த்தாள்.

படியில் இரண்டு பேர். எமில்ராஜ் ஆறு நிமிடமும் அசையாமல் இருந்தவன்போல அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறான். மற்றதின் கை அவன் வாயைப் பொத்தியிருக்கிறது.

எமில்ராஜின் கண்கள் மட்டும் தெளிவில்லை... அவை அசைந்திருக்கின்றன.