மொட்டைமாடிப் பெட்டி

உங்கள் வீட்டுக்கு நெட் எடுப்பதானால் ஒயரில் எடுங்கள் சார். தொழில் பண்ணுகிறவன் விற்கப் பார்க்கிறான் என்று நினைக்காதீர்கள். சும்மா படம் பார்ப்பதற்கு எதுவும் போதும். கேம் விளையாடுகிற ஆள் வீட்டில் இருந்தால் ஒயர்தான். இங்கே அழுத்தினால் அங்கே உடனே சுட வேண்டும். காற்றில் வருகிற நெட் ஒரு நேரம் ஒழுங்காக வரும், ஒரு நேரம் திக்கும்.

மணலூர்பேட்டையில் போஸ்டுக்குப் போஸ்ட் முதலில் ஃபைபர் இழுத்தவன் நான். கொளஞ்சியப்பன் என்றால் யோசிப்பார்கள், நெட்டுக்காரர் என்றால் கடையைக் காட்டுவார்கள். என் தங்கை செவ்வந்தியைச் செழியனுக்குக் கட்டிக்கொடுத்தபோது, சீர்வரிசையோடு அந்த வீட்டுக்கு ஒரு ஒயரும் இழுத்துவிட்டேன்.

மாப்பிள்ளைக்குக் கரும்பு நிலம் இருந்தது. உயிர் மட்டும் கேமில் இருந்தது. சென்னை டீம் ஒன்றில் சேர்வதற்காக ஆடிக்கொண்டிருந்தார். ஆள் எடுக்கிற ஆட்டத்தன்று பாதியில் ஒயர் அறுந்துபோனது. கரும்பு வெட்டுகிற நாளில் இங்கே இது சகஜம் சார். டிராக்டரில் அளவில்லாமல் அடுக்கிக்கொண்டு வருவார்கள், மேலே நீட்டிக்கொண்டிருப்பது ஒயரை வாரிக்கொண்டு போய்விடும். நான் ஓடிப்போய் ஒட்டிக் கொடுப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

மறுநாள் கடைக்கு வந்தார். தன் வீட்டு ஒயரை அரிவாளால் வெட்டிச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். அதை மாலை மாதிரி என் கழுத்தில் போட்டார்.

“இன்னா மச்சான், உன் ஒயரு கரும்பு வண்டிக்குத் தோரணமா? நான் மாடியில காத்துல நெட் புடிக்கிற பெட்டி வச்சிக்கறேன். இத நீயே மாட்டிகினு சுத்து.”

“மாப்ள, நேத்து அறுத்தது உங்க வூட்டு லோடுதான்” என்றேன். அது உண்மை. வண்டியை நானே பார்த்தேன்.

“ஒசரமா கட்டத் துப்பில்ல, என் கரும்பச் சொல்ல வந்துட்டாரு.”

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என்னிடம் கனெக்‌ஷன் வைத்திருக்கிறவர்களும் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. இப்போதும் எரிகிறது. குரலில் தெரியாது, என் சுபாவம் அப்படி.

அந்தப் பெட்டியை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, ஒரு பைப்பில் டவரைப் பார்க்க மாட்டியிருந்தார். ஒரு விரற்கடை திரும்பினாலும் கேம் திக்கும். ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. சாப்பிட்டதும் தெருப் போஸ்டில் என் ஒயரைப் பார்க்கிறேன் என்று மாடிக்குப் போவேன். கொஞ்சம் திருப்பிவிட்டு வருவேன். சாயங்காலம் செவ்வந்தி போன் பண்ணுவாள்.

“மறுபடியும் திக்குதாம் அண்ணா. தொட்டி மேல ஏறிகினு கத்திகினு கீறாரு. உன் ஒயரையே குடுத்துடேன்.”

“அவரு வந்து கேக்கட்டும்மா.”

நான் கேட்டது அவ்வளவுதான். அதே கடையில், அதே ஆட்கள் முன்னால் வந்து கேட்க வேண்டும். அவர் வரவில்லை. எதிர்வீட்டுத் தங்கமணியையும் என் ஒயரைக் கழற்றச் சொல்லி, அங்கேயும் ஒரு பெட்டி வைக்கச் செய்தார்.

பிறகு டீம்காரர்கள் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். அந்த ஞாயிறு செவ்வந்தி நாட்டுக்கோழி அடித்திருந்தாள். மாப்பிள்ளை என் கைக்குத் தண்ணீர் ஊற்றினார், “இன்னிக்கி ஜெயிச்சிடுவேன் மச்சான்” என்றார். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத ஆள். கழுத்தில் மாலை விழுந்தவன் நான்தானே.

மேலே போய்ப் பெட்டியைத் திருப்பினேன், வழக்கத்தைவிட அதிகமாகவே. இறங்கி வந்து பார்த்தால், தொட்டிக்கு ஏறுகிற இரும்பு ஏணியின் காலை மாடித் தரையோடு பிடித்திருந்த இரண்டு போல்ட்டும் துருப்பிடித்திருந்தன. புதிது போடலாம் என்று கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். தொட்டி மாடியின் விளிம்பில் இருக்கிறது. ஏணி நழுவினால் ஆள் தெருவில்தான் விழ வேண்டும்.

என் பை உங்களிடம்தான் இருக்கிறது, போல்ட்டும் அதில் இருக்கும். மறந்துவிட்டாயா என்று கேட்டீர்கள். மறக்கவில்லை சார். புதிது வாங்கவும் இல்லை. ஆட்டம் தொடங்குகிற நேரத்துக்குக் கடையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கையிடமிருந்துதான் போன் வந்தது. எடுத்ததும் அலறல்தான் கேட்டது.

கருமாதி முடிந்ததும் அந்த வீட்டுக்கு நானே ஒயர் இழுத்துக் கொடுத்தேன். நல்ல உயரமாகக் கட்டியிருக்கிறேன், எந்தக் கரும்பு வண்டியும் தொடாது. செவ்வந்தி நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏணி போல்ட்டு எங்க அண்ணா?” என்று மட்டும் கேட்டாள். அன்றைக்குத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள் போலிருக்கிறது.

அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். ஒயர் இருந்திருந்தால் மாப்பிள்ளை மேலே ஏறியிருக்கவே வேண்டாம்.